2007 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ரோபோக்கள் இன்றும் நம்பும்படி இருப்பது எதனால்?

#1 இரும்புக்கிளி

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை, மைக்கேல் பே இயக்கிய முதல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தை என் ஒன்பது வயது மகனுக்குப் போட்டுக் காட்டினேன். ஆப்டிமஸ் பிரைம் என்ற ரோபோ லாரி உருவத்திலிருந்து பிரிந்து எழுந்து நின்று, குனிந்து கதாநாயகப் பையனின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுவரும் இடத்தில், "அப்பா, இதைச் செய்து முடித்த பிறகு எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று அவன் கேட்டான். அது கணினியில் மட்டுமே இருந்தது என்று சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. மறுநாள் அதே வரிசையில் 2014 இல் வந்த படத்தைப் பார்த்தோம். அதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

கணினிகளின் வேகத்தை வைத்துப் பார்த்தால் முடிவு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? முதல் படத்தின் ஆப்டிமஸில் 10,108 உதிரிப்பாகங்கள் இருந்தன. 2009 இல் வந்த இரண்டாம் படத்தில் வரும் டெவஸ்டேட்டர் என்ற ரோபோவுக்கு 52,632 பாகங்கள். பாகங்கள் ஐந்து மடங்கு கூடிய பிறகும் என் கண்ணுக்கு முதல் படத்து ஆப்டிமஸ்தான் உண்மையாகத் தெரிகிறது. சிறு வயதில் பார்த்த பாசத்தால் எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா, அல்லது இந்தத் துறையில் இருப்பவர்கள் விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் ஏதாவது உண்டா என்பதை அறிய விரும்புகிறேன்.

#2 நிழல்வேலை

காரணம் உண்டு. படமெடுத்த காட்சியையும் கணினியில் செய்ததையும் ஒன்றாகச் சேர்க்கும் காம்போசிட்டிங் வேலையில் நான் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸில் பெரும்பகுதியை ஸ்காட் ஃபாரரின் மேற்பார்வையில் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் செய்தது. எங்கள் துறையில் அதைச் சுருக்கமாக ஐஎல்எம் என்போம். உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி படப்பிடிப்புத் தளத்தில் கிடைத்த ஒளியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ஷாட் எடுத்து முடித்தவுடன், நடிகர்கள் நகர்ந்த பிறகு, ஒருவர் கையில் இரண்டு பந்துகளோடு கேமரா முன்னால் வந்து நிற்பார். ஒன்று கண்ணாடி போல மின்னும் குரோம் பந்து, மற்றொன்று பளபளப்பே இல்லாத சாம்பல் பந்து. குரோம் பந்தில் சூரியன், வானம், எதிரேயுள்ள கட்டடம், அதன் சன்னல்கள், தளத்தில் நிறுத்தியிருக்கும் விளக்குகள் என்று சுற்றியுள்ள உலகம் முழுவதும் தெரியும். அதை மிக இருட்டாகவும் மிக வெளிச்சமாகவும் பல அளவுகளில் புகைப்படம் எடுத்துக் கணினியில் விரித்தால், ரோபோவைச் சுற்றி ஒரு கூடாரம் போல அந்த இடத்தின் அசல் ஒளியைக் கவிழ்க்கலாம். சாம்பல் பந்தோ ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழலின் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். ஆடை அணிந்த ஒரு கணினி மனிதனைவிட உலோக ரோபோவுக்கு இது பல மடங்கு முக்கியம். ஏனென்றால் உலோகத்துக்குத் தனக்கென்று பெரிதாக நிறம் கிடையாது. சுற்றுப்புறத்தை வாங்கித் திருப்பிக் காட்டுவதுதான் அதன் நிறம். சுற்றுப்புறம் பொய்யானால் உலோகமும் பொய்யாகிவிடும்.

அடுத்தது இடுக்குகளின் இருட்டு. பத்தாயிரம் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் உடலில், உள்ளே இருக்கும் பற்சக்கரத்துக்கு வானம் கொஞ்சம்தான் தெரியும், ஆகவே அது கறுத்திருக்க வேண்டும். அன்றைய கணினிகளால் ஒளி பட்டுத் தெறித்துப் பட்டுத் தெறித்துப் போவதை முழுமையாகக் கணக்கிட முடியாது. எனவே ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பார்த்தால் வானம் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை மட்டும் கணக்கிட்டு அதற்கேற்ப இருட்டாக்கும் 'ஆம்பியன்ட் ஆக்லூஷன்' என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். அதே இயக்குநரின் 'பேர்ல் ஹார்பர்' படத்துக்காக, 2001 இல், போர் விமானங்களின் உலோகம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐஎல்எம்மில் வளர்த்தெடுக்கப்பட்ட முறை அது. பிறகு 2010 இல் அதை உருவாக்கியவர்களுக்கு ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. ஆறு ஆண்டுகள் விமானங்களில் பழகிய கை, ஆப்டிமஸிடம் வந்து சேர்ந்தது.

#3 கீல்

நிழல்வேலை அண்ணா சொன்ன அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளி எவ்வளவு சரியாக இருந்தாலும் நடை தவறினால் ரோபோ தெர்மாகோல் பொம்மையாகிவிடும். நான் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கணினி உருவங்களுக்கு அசையும் மூட்டுகளை அமைக்கும் ரிக்கிங் வேலைக்கு வந்தவன். ஆகவே என் பங்குக்கு எடையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மனிதனின் தலை உயரமான 1.8 மீட்டரிலிருந்து ஒரு பொருளை விட்டால் அது தரையைத் தொட 0.6 விநாடி ஆகும். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், என்ற கணக்கில் அது 14 அல்லது 15 ஃபிரேம். முதல் படத்து ஆப்டிமஸின் உயரம் 28 அடி, அதாவது ஏறத்தாழ 8.5 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழுவதற்கு 1.3 விநாடி, 32 ஃபிரேம் வேண்டும். 2013 இல் வந்த 'பசிபிக் ரிம்' படத்தின் ஜிப்ஸி டேஞ்சர் என்ற ரோபோ 79 மீட்டர் உயரம், அங்கே 4 விநாடி, 96 ஃபிரேம். புவியீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், உயரம் கூடக்கூட உடலின் எல்லா அசைவும் மெதுவாகத்தான் தெரிய வேண்டும். ஒரு மனித நடிகரின் அசைவைப் பதிவுசெய்து அதை அப்படியே எட்டு மீட்டர் ரோபோவுக்குப் போட்டால், பார்ப்பவர் மனம் எந்தக் கணக்கும் போடாமலேயே "உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான், பக்கத்தில் இருப்பது பொம்மைக் கட்டடம்" என்று முடிவு செய்துவிடும்.

ஆனால் முழுக் கணக்கையும் பின்பற்றினால் சண்டைக் காட்சி மந்தமாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்ததில் நான் கண்டது இது. அடி தொடங்கும்போது தோளும் இடுப்பும் நிதானமாகத் திரும்புகின்றன, கை பாதியில் இயற்பியலை மீறிய வேகத்தில் பாய்கிறது, அடி விழுந்த பிறகு உடல் அடங்க நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் எடையைக் காட்டிவிட்டதால் நடுவில் நடக்கும் திருட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்புத் தகடுகளும் தோளில் தொங்கும் சிறு பாகங்களும் உடல் நின்ற பிறகு இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாக அதிர்ந்து நிற்கின்றன. ஓடும் லாரியைச் சட்டென்று நிறுத்தினால் பின்பக்கச் சங்கிலி ஆடி அடங்குமே, அதே அடக்கம்.

#4 இரும்புக்கிளி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அந்தப் படத்தில் கேமரா ஓயாமல் ஆடுகிறது. குறைகள் தெரியாமல் மறைக்கத்தான் அப்படி எடுத்தார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியா?

#5 ரோட்டோக்காரி

சரியில்லை என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஆடும் கேமராவால் வேலை கூடுமே தவிரக் குறையாது. கையில் பிடித்த கேமரா எப்படியெல்லாம் நகர்ந்தது என்பதைக் கணினிக்குள் துல்லியமாக மீட்டெடுப்பதற்கு மேட்ச் மூவ் என்று பெயர். தரையிலுள்ள ஒரு கல் திரையில் நகரும் அளவும் ரோபோவின் பாதம் நகரும் அளவும் ஒரு பிக்சல் வேறுபட்டாலும் ரோபோ பனிக்கட்டியில் வழுக்குவது போலத் தெரியும். அதற்கு மேல் லென்ஸின் வளைவு, தூசிக்குள் கேமரா திரும்பும்போது ஏற்படும் மங்கல், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற இழுபடல் என்று எல்லாவற்றையும் ரோபோவுக்கும் அதே அளவில் கொடுக்க வேண்டும்.

நிஜமான ஒருவர் நிஜமான கேமராவோடு ஓடியிருக்கிறார் என்பதே அங்கே பெரிய பலம். கணினியில் மட்டும் பறக்கும் கேமரா எந்தச் சுவரையும் துளைத்துப் போகும், எங்கும் நில்லாது. அதைப் பார்க்கும்போது, இந்த இடத்தில் எந்த மனிதரும் நின்றிருக்க முடியாது என்று நமக்குள் ஏதோ ஒன்று உணர்ந்துகொள்கிறது.

என்னைக் கேட்டால் இன்னொரு காரணம்தான் முதன்மையானது. ரோபோ உலகத்தைத் தொடும் இடத்தில் உலகம் அதற்கு என்ன பதில் கொடுக்கிறது என்பதைப் பாருங்கள். நெடுஞ்சாலைக் காட்சியில் போன்கிரஷர் என்ற ரோபோ ஒரு பேருந்தைப் பிளந்துகொண்டு வருகிறதே, அந்தப் பேருந்து உண்மையானது. தளத்தில் வெடிப்பு, உடைப்பு போன்றவற்றை நிகழ்த்தும் ஜான் ஃப்ரேசியரின் குழு அதை உண்மையாகவே இரண்டாகப் பிளக்கவைத்துப் படமெடுத்தது. கணினியில் செய்தது அதன் நடுவே பாய்ந்து வரும் ரோபோவை மட்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருவில் எடுத்த இறுதிச் சண்டையிலும் புரளும் கார்கள், வெடிப்புகள், பறக்கும் தார்த் துண்டுகள் ஆகியவற்றில் பெரும்பகுதி தளத்தில் நிகழ்த்தியவை. ரோபோ எங்கே விழும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அங்கே வெடியை வைத்து, பிறகு அந்தப் புகைக்குள் ரோபோவைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தில் எனக்கு ஒரு ஷாட் வந்தது. மண் சாலையில் ஓர் இயந்திரம் நடந்து வரும். ஒளி சரி, நடை சரி, ஆனால் மண் அசையவே இல்லை. தளத்தில் யாரும் ஒரு கைப்பிடித் தூசியைக்கூடக் கிளப்பாமல் எடுத்துவிட்டார்கள். நாங்கள் கணினியில் தூசி சேர்த்தோம். அது பாதத்திலிருந்து கிளம்பியதே தவிர, பின்னால் ஓடிய துணை நடிகர்கள் மேல் படியவில்லை, அவர்கள் கண்ணைச் சுருக்கவும் இல்லை. மூன்று வாரம் போராடியும் அந்த ஷாட் கடைசி வரை ஒட்டவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நூறு ரூபாய் சிமெண்ட் பொடியும் ஒரு மின்விசிறியும் தளத்தில் இருந்திருந்தால் போதும்.

#6 பழைய புரொஜெக்டர்

வணக்கம் பிள்ளைகளே. ரோட்டோக்காரி அம்மா சொன்னதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோக விரும்புகிறேன். உலகம் உண்மையாக இருந்தால் நல்லது என்றால், ரோபோவும் உண்மையாக இருந்தால் இன்னும் நல்லதல்லவா? ஷான் லெவி இயக்கிய 'ரியல் ஸ்டீல்' 2011 இல் வந்தது. லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் அந்தக் குத்துச்சண்டை ரோபோக்களை முழு அளவில், உண்மையாகவே செய்து கொடுத்தது. படத்தில் வரும் பையன் 'ஆட்டம்' (Atom) என்ற ரோபோவைத் தொட்டுப் பேசும்போது அவன் கை பட்டது உண்மையான பொருளின் மேல். ரோபோ நடக்கவும் சண்டையிடவும் வேண்டிய இடங்களில் மட்டும் டிஜிட்டல் டொமைன் நிறுவனம் கணினியில் செய்தது. அவர்களுக்கு ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. பெயிண்ட் எப்படி மின்னும், கீறல் எங்கே விழும், அழுக்கு எந்த மூலையில் தங்கும் என்பதற்கெல்லாம் எதிரே நிற்கும் ரோபோவே விடை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2010 இல், நம் 'எந்திரன்' படத்திற்கும் அதே லெகசி எஃபெக்ட்ஸ், இயந்திரத்தால் அசையும் அனிமேட்ரானிக் உருவங்களைச் செய்து கொடுத்தது. ஸ்ரீநிவாஸ் மோகன் மேற்பார்வையில் கணினி வேலை நடந்தது. சிட்டியைத் திரையில் பார்த்த அன்று எனக்குப் புல்லரித்தது, இன்றும் அப்படித்தான். கண்ணுக்கு எதிரே நிற்கும் உருவத்தோடு நடிக்கும் நடிகருடைய பார்வைக்கு ஈடாக எதையும் கணினியில் செய்ய முடியாது என்பதே என் எண்ணம்.

#7 நிழல்வேலை

ஐயா, உங்கள் கருத்தை மதிக்கிறேன், 'ரியல் ஸ்டீல்' பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் எனக்கு மறுப்பில்லை. அந்தப் படத்தில் போற்ற வேண்டிய இன்னொன்றும் உண்டு. குத்துச்சண்டைகளை முன்கூட்டியே மனிதர்களை வைத்து மோஷன் கேப்சர் செய்துகொண்டார்கள், அதாவது அவர்கள் அசைவுகளைக் கணினியில் பதிவுசெய்துகொண்டார்கள். பிறகு காலியான மேடையைப் படமெடுக்கும்போது, அந்த அசைவுகளைக் கொண்ட ரோபோக்கள் கேமராமேனின் திரையில் நேரடியாகத் தெரியும்படி சைமல்கேம் என்ற முறையில் ஏற்பாடு செய்தார்கள். அடி விழும் திசைக்குக் கேமராமேன் தானாகவே கேமராவைத் திருப்ப முடிந்தது. வெற்று மேடையை எடுத்துவிட்டு அதற்கேற்ப ரோபோவை வளைக்கும் வழக்கமான துன்பம் அங்கே இல்லை.

ஆனாலும் ரோபோவை உண்மையாகச் செய்தே தீர வேண்டும் என்பதை ஏற்க இயலவில்லை. நீல் ப்ளோம்காம்ப் இயக்கிய 'சாப்பி' (2015) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ல்டோ கோப்லி சாம்பல் நிற உடை அணிந்து ஒவ்வொரு காட்சியிலும் மற்ற நடிகர்களோடு நின்று நடித்தார். இமேஜ் எஞ்சின் நிறுவனத்தின் அனிமேட்டர்கள் மோஷன் கேப்சர் இல்லாமல், அவர் நடிப்பை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துக் கையால் அசைவு கொடுத்தார்கள். ரோபோவின் கை கால் அளவுகளை அவருடைய அளவுகளுக்கு நெருக்கமாக வைத்திருந்ததால், அவர் ஒருவரின் தோளைத் தொட்டால் ரோபோவின் கையும் அங்கேயே போய்ப் பொருந்தியது. எதிரே இருந்தது ரோபோ இல்லை, ஒரு மனிதர். நடிகருடைய பார்வைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

#8 பழைய புரொஜெக்டர்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. 'யாராவது ஒருவர் அங்கே இருக்க வேண்டும்' என்று என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் முதல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் எட்டு மீட்டர் ரோபோவுக்கு யாரை நிறுத்தினார்கள்?

#9 ரோட்டோக்காரி

நீளமான கம்பு ஒன்றைத்தான் ஐயா. ரோபோவின் முகம் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்துக்குக் கம்பைத் தூக்கிப் பிடித்து, அதன் நுனியை நடிகர்கள் பார்க்க வேண்டும். ஐந்து நடிகர்கள் ஒரே காட்சியில் இருந்தால் ஐந்து பேரின் பார்வையும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ரோபோ நடந்தால் அந்தப் புள்ளியும் அதே வேகத்தில் நகர வேண்டும். ஒருவர் ஓர் அடி கீழே பார்த்துவிட்டால், பிறகு கணினியில் எவ்வளவு செலவழித்தாலும் அந்த ஒருவர் ரோபோவின் மார்பைப் பார்த்துப் பேசுவது போலவே இருக்கும். பிறகு அந்தக் கம்பையும் அதன் நிழலையும் ஃபிரேம் ஃபிரேமாக அழிப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் மும்பையிலும் இந்த வேலையை எத்தனையோ பேர் செய்கிறார்கள். நன்றாகச் செய்திருந்தால் நாங்கள் அங்கே இருந்ததே தெரியாது.

#10 கீல்

இரும்புக்கிளி அவர்கள் முதலில் கேட்ட பாகங்களின் எண்ணிக்கைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முதல் படத்தில் பாகங்கள் அதிகம் என்பதைவிட, அவை எங்கிருந்து வந்தன என்பது தெரிகிறது என்பதே முக்கியம். ஆப்டிமஸின் மார்பில் பீட்டர்பில்ட் 379 லாரியின் முன்கண்ணாடிகள் இருக்கின்றன, காலில் சக்கரங்கள் இருக்கின்றன. லாரியின் அளவுக்கும் ரோபோவின் அளவுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே நீண்ட மூக்குள்ள பெரிய லாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். உருமாற்றத்தை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு எல்லா ஷாட்டிலும் அதையே ஓட்டவில்லை. கேமரா எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தார்கள். எந்தப் பாகத்தையும் அனிமேட்டரே பிடித்துத் தேவைப்பட்டபடி சேர்த்து நகர்த்தும்படி அங்கே ரிக்கை அமைத்திருந்தார்கள். ஒரு ரிக்கராக அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். வழக்கமாக நாங்கள் எல்லாவற்றையும் பூட்டிவைத்துச் சில பிடிகளை மட்டும் அனிமேட்டரிடம் கொடுப்போம். இத்தனைக்கும் ஆப்டிமஸ் வரும் ஒரே ஒரு ஃபிரேமைக் கணினி வரைந்து முடிக்க 38 மணி நேரம் வரை பிடித்த காலம் அது. ஆகவே தவறாகச் செய்து பார்த்துத் திருத்துவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

2014 படத்தில் மனிதர்கள் செய்த ரோபோக்கள் சிறு சிறு கட்டிகளாக உடைந்து காற்றில் மிதந்து வேறு உருவமாகச் சேர்கின்றன. கணினிக்கு அது கடினமான வேலைதான். ஆனால் கீல் இல்லை, அச்சு இல்லை, எது எதைத் தாங்குகிறது என்பது தெரியவில்லை. சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரிந்த எவருக்கும், இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று மனத்துக்குள் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அப்படிப் பிரித்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. உங்கள் மகன் கேள்வி கேட்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் துறையிலிருந்து வந்த டிராவிஸ் நைட் 2018 இல் 'பம்பிள்பீ' படத்தை இயக்கியபோது உருவங்களை எளிமையாக்கி, எந்தத் தகடு எங்கே மடிகிறது என்பது தெரியும்படி செய்தார். அந்தப் படத்தையும் அவனுக்குக் காட்டுங்கள்.

#11 இரும்புக்கிளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் பார்த்தோம். பேருந்துக் காட்சியை மகன் ஆறு முறை பின்னோட்டிப் பார்த்தான். "பஸ் நிஜம் என்றால் போதும்" என்று அவனே சொன்னான், முதல் நாள் ஏமாற்றம் இப்போது இல்லை.

இன்று காலை ஒரு முயற்சி செய்தோம். குரோம் பந்து கிடைக்காததால், வீட்டில் இருந்த எவர்சில்வர் சொம்பை நன்றாகத் தேய்த்து வாசலில் கவிழ்த்து வைத்துப் படமெடுத்தோம். எதிர்வீட்டு மாடிப்படி, மின்கம்பி, வேப்பமரம், குனிந்து பார்க்கும் எங்கள் இருவர் தலை என்று எல்லாமே அதில் வளைந்து தெரிந்தன. பிறகு அதே இடத்தில் ஒரு சிறு உலோகப் பெட்டியைக் கணினியில் செய்து வைத்து, அந்தப் படத்தையே ஒளியாகக் கொடுத்தோம். பெட்டியின் பக்கவாட்டில் எதிர்வீட்டின் மஞ்சள் சுவர் மெல்லியதாக வந்து விழுந்ததும் மகன் கை தட்டிவிட்டான். ஆனால் பெட்டியின் நிழல் மட்டும் எங்களுக்குச் சரியாக வரவில்லை. பக்கத்திலிருந்த பூந்தொட்டியின் நிழல் கூர்மையாக இருக்க, பெட்டியின் நிழல் பஞ்சு போல இருக்கிறது. என்ன தவறு செய்தோம்?

#12 நிழல்வேலை

அருமை, சொம்பு நல்ல யோசனை. நீங்கள் ஒரே ஒரு படம் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே படத்தில் சூரியன் வெறும் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும், வெள்ளைச் சுவரைவிட அது எத்தனை ஆயிரம் மடங்கு வெளிச்சம் என்பது அதில் பதிவாகாது. அதனால்தான் நிழல் கலங்குகிறது. கேமராவை அசைக்காமல், ஷட்டர் வேகத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி ஏழு படம் எடுங்கள். கடைசிப் படத்தில் சூரியனைத் தவிர மற்ற எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். சொம்புக்குப் பக்கத்தில் சாம்பல் பெயிண்ட் அடித்த ஒரு பிளாஸ்டிக் பந்தையும் வையுங்கள், நிழலை அதோடு ஒப்பிடலாம். பூந்தொட்டியையும் பெட்டியையும் ஒரே நேரத்து வெயிலில் எடுக்க வேண்டும், நடுவில் மேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். நாளை காலை எட்டு மணி வெயிலில் எடுத்து இங்கே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.